பைக் எஞ்சின் பொருத்திய காரில் ஹெடர் சூட்டைக் கையாளும் முறை

பைக் எஞ்சினைக் காருக்கு மாற்றுபவர்கள் பலரும் காற்றை மறந்துவிடுகிறார்கள். கே.டி.எம். 390-இன் 373 சிசி எஞ்சின் பைக்கில் இருக்கும்போது, எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் ஹெடர் குழாயைச் சுற்றிலும் திறந்தவெளிதான். வண்டி ஓடும்வரை காற்று அதைத் தழுவிக்கொண்டே போகும். கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளுக்காக மாணவர்கள் கட்டும் ஒற்றை இருக்கைக் காரில், அதே எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உட்காருகிறது. எக்ஸாஸ்ட் வாய் பெரும்பாலும் தீத்தடுப்புச் சுவரைப் பார்த்து அமைய, பெட்ரோல் டேங்க், கிளட்ச் கேபிள், சென்சார் வயர்கள் எல்லாம் ஒரு கை அகல இடைவெளிக்குள் அடைபடுகின்றன. அந்த இடத்துக்குக் காற்றும் எளிதில் வருவதில்லை.

சூடு தாங்கும் கண்ணாடியிழை நாடாவை வாங்கிக் குழாய்மேல் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடம், முதலில் அளந்து பாருங்கள் என்றே நான் சொல்வேன். முழுச் சுமையில் பெட்ரோல் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூடு பொதுவாக 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். குழாயின் மேற்பரப்பு அதைவிடக் குறைவாகவே சூடாகும் என்றாலும், பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டினால், அது உண்மையைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைத்துக் காட்டக்கூடும், ஏனெனில் மெருகேறிய உலோகம் தன் சூட்டுக்கு உரிய கதிர்வீச்சில் சிறு பங்கைத்தான் வெளியிடுகிறது. உயர்வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்புப் பெயிண்டை ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் குழாயில் பூசி, காய்ந்தபின் அந்தப் புள்ளியில் மட்டும் அளந்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும். குழாயின் நிறமும் ஓரளவு பேசும்: 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறக்குறைய 340 டிகிரியில் வைக்கோல் நிறமும், 450-ஐ ஒட்டி அடர் ஊதாவும், 540-ஐ ஒட்டி நீலமும் கொள்கிறது.

குழாயை அளப்பதைவிட அதன் அண்டை வீட்டாரை அளப்பது முக்கியம். டாட் 4 பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சிய நிலையில் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம், சாதாரண பி.வி.சி. வயர் உறை, வகையைப் பொறுத்து, 70 முதல் 105 டிகிரி வரைதான் தாங்கும். எங்கள் பட்டறையில் ஒருமுறை, தீத்தடுப்புச் சுவரில் எந்தத் தடயமும் இல்லாதபோதே கிளட்ச் கேபிளின் உறை ஹெடர் பக்கம் மட்டும் மெழுகுபோல் உருகி, கம்பி உள்ளே ஒட்டிக்கொண்டது. கேபிளை 40 மி.மீ. தள்ளிக் கட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. செலவு இரண்டு கிளிப்புகள்தான்.

அளந்த எண் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தால், சூட்டை மறைக்கத் தகடு வெட்டுவதற்கு முன் எஞ்சினைப் பாருங்கள். போட்டி விதிப்படி காற்று நுழையும் வழி 20 மி.மீ. விட்டத்துக்குக் குறுக்கப்படுவதால், எரிபொருள் அளவும் பற்றவைக்கும் நேரமும் புதிதாக அமைக்கப்படுகின்றன. பற்றவைப்பு தாமதமானால் எரிதலின் பிற்பகுதி எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்தை எட்டிவிடுகிறது; சிலிண்டரில் வேலையாக மாறவேண்டிய ஆற்றல் ஹெடருக்குச் சூடாகப் போய்ச் சேர்கிறது. அந்தக் கோளாறை நாடா போட்டு மறைப்பது வீண்.

அடுத்தது தடுப்புத் தகடு. என் கருத்தில், உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இதுதான். இவ்வளவு நெருக்கமான இடத்தில் ஹெடரின் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகவே தாவுகிறது. அது தனி வெப்பநிலையின் (கெல்வின் அளவின்) நான்காம் அடுக்கில் ஏறுவதால், குழாயின் சூடு 600-இலிருந்து 700 டிகிரிக்கு உயர்ந்தாலே வீசும் வெப்பம் சுமார் ஒன்றரை மடங்காகிறது. ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டைப் பளபளப்பாக வைத்து, குழாய்க்கும் தகட்டுக்கும் இடையில் 15 மி.மீ., தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் அதே அளவு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதால் அது குழாயை எங்கும் தொடக் கூடாது; தாங்கியையும் ஹெடரில் அல்லாமல் சேஸியில் அமைப்பதே நல்லது. தகட்டின் மேலும் கீழும் திறந்திருந்தால், அடுப்படிப் புகைக்கூண்டில் நடப்பதுபோல, சூடான காற்று மேலேறிக் குளிர்ந்த காற்றை உள்ளிழுக்கும். மெக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறைக்குள் தங்கத் தகடு ஒட்டியதும் இதே காரணத்துக்காகத்தான்: அகச்சிவப்புக் கதிரைத் தங்கம் மிக நன்றாகத் திருப்பி அனுப்பும்.

குழாயை இறுக்கிக் கட்டிவிடவும் கூடாது. ஒரு மீட்டர் நீளமுள்ள 304 குழாய் 600 டிகிரி சூடேறும்போது 10 மி.மீ.க்கும் சற்று அதிகமாக நீள்கிறது. இரு முனைகளும் அசையாமல் வெல்டிங் செய்யப்பட்டிருந்தால், விரிசல் பெரும்பாலும் ஃபிளாஞ்சை (குழாயை எஞ்சினோடு இணைக்கும் விளிம்புத் தகட்டை) ஒட்டிய வெல்டிங்கில்தான் விழும். ஒரு குழாய் மற்றொன்றுக்குள் நழுவும் இணைப்பும் அதைப் பிடித்திருக்க ஸ்பிரிங்கும் வைத்தால் இந்த அழுத்தம் குறையும்.

இவற்றுக்குப் பிறகும் சூடு மிஞ்சினால் மட்டும் கண்ணாடியிழை நாடா. கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, நாடாவை நீரில் நனைத்து, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று ஏறக்குறைய 6 மி.மீ. படியும்படி இழுத்துச் சுற்றி, முனைகளை ஸ்டெயின்லெஸ் பட்டையால் கட்டுங்கள். நெளிவுகளில் 50 மி.மீ. நாடாவைவிட 25 மி.மீ. நாடா ஒழுங்காகப் படியும். நாடா சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைத்திருப்பதால் குழாய் முன்பைவிட அதிகம் சூடேறும். ஈரத்தையும் பிடித்துவைப்பதால் சாதாரண இரும்புக் குழாய் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். அத்தகைய குழாய்க்குச் செராமிக் பூச்சையே நான் பரிந்துரைப்பேன். எந்தக் குழாயானாலும் ஃபிளாஞ்சு வெல்டிங்கை மூடாதீர்கள். விரிசலைக் கண்ணால் பார்க்க வேண்டியது அங்கேதான்.

வண்டி ஓடும்போது எடுத்த அளவோடு நின்றுவிடாதீர்கள். எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, குழாயில் தேங்கிய சூடு டேங்க் பக்கம் பரவுவதால், அங்கே வெப்பநிலை பின்னும் ஏறும். நிறுத்திய ஐந்தாவது நிமிடத்திலும் பத்தாவது நிமிடத்திலும் டேங்கின் ஹெடர் பக்கத்தை அளந்து குறித்துவையுங்கள். காரின் பின்மூடியைக் கழற்றிச் சிறு விசிறியை ஓடவிட்டு மீண்டும் அளங்கள். குழாய் முழுக்க ஆறியபின் ஃபிளாஞ்சு நட்டுகளை இறுக்கம் பாருங்கள். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டின் ஓரத்தில் கரித் தடம் தெரிந்தால் அங்கே புகை கசிந்து தகட்டின் ஒரே இடத்தில் ஊதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேஸ்கட்டை மாற்றாமல் அடுத்த ஓட்டத்துக்கு எஞ்சினைக் கிளப்ப வேண்டாம்.