சுறா வராத இடத்துக்குச் சுறா பார்க்கப் போகாதீர்கள்

போன சீசனில், கடலில் இறக்கும் கம்பிக் கூண்டுக்குள் நின்று சுறா பார்க்க, தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாயில் படகேறினேன். பக்கத்தில் இருந்த பையன் படகுப் பணியாளரிடம் செல்போனை நீட்டி, "இது மாதிரி எத்தனை மணிக்கு எகிறும்?" என்று கேட்டான். திரையில் ஒரு பெருவெள்ளைச் சுறா, சீல் எனப்படும் கடல்நாயைக் கவ்வியபடி முழு உடம்போடு தண்ணீரை விட்டு மேலே எழும்பியது. பணியாளர் சிரித்துவிட்டு நகர்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2018ல் இதே ஊரில், இதே மாதிரி வீடியோவைக் காட்டி, இதே கேள்வியைக் கேட்டவன் நான்.

கூண்டுக்கு வெளியே கையை நீட்டாதே, குதிக்காதே என்பதெல்லாம் கரையிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விடுகிறேன். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

பழைய வீடியோவை நம்பி ஊரை முடிவு செய்வது

கான்ஸ்பாயை வெள்ளைச் சுறாக்களின் தலைநகர் என்பார்கள். ஒரு காலத்தில் அது பொருந்தியது. கரைக்கு எதிரே டயர் தீவு, அதையொட்டிப் பல்லாயிரம் சீல்கள் கிடக்கும் கீசர் பாறை, இரண்டுக்கும் நடுவே 'ஷார்க் ஆலி' என்கிற குறுகலான நீர்ச்சந்து. சுறாவுக்குப் பந்தி விரித்த மாதிரி இடம்.

2017ல் எல்லாம் புரண்டது. அந்தக் கரையோரம் வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் அடுத்தடுத்து ஒதுங்கின. பெரும்பாலானவற்றில் கல்லீரலைக் காணோம். சந்தேகம் இரண்டு ஓர்காக்கள் (கொலையாளித் திமிங்கலங்கள்) மேல் விழுந்தது. ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கமும் மற்றதன் துடுப்பு வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். அதனால் கப்பல் பாஷையில் 'போர்ட்', 'ஸ்டார்போர்ட்' என்று பெயர். சுறாவின் கல்லீரல் எண்ணெய்ச் சத்து நிறைந்தது. ஓர்காக்கள் அதை மட்டும் உருவித் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். ஓர்கா வந்து போன இடத்தை வெள்ளைச் சுறாக்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. ஓர்காதான் காரணமா, மனிதர்கள் மீன் பிடிக்கும் விதமும் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். டிக்கெட் எடுத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்: சுறா இல்லை.

இது எதுவும் தெரியாமல்தான் நான் போனேன். இரண்டு வருடம் சேர்த்த பணம். கூண்டில் இறங்கினேன், வந்தவை 'bronze whaler' எனப்படும் செம்பு நிறச் சுறாக்கள். கரைக்கு வந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் விளம்பரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். வாயைப் பிளந்த வெள்ளைச் சுறாவின் படம், கீழே 'சுறா தென்படும்' என்ற வரி. எந்தச் சுறா என்று எங்கேயும் போடவில்லை. அந்தச் சின்னச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "நீங்கள் கடைசியாக வெள்ளைச் சுறா பார்த்த தேதி என்ன?" 'அடிக்கடி வரும்', 'சீசனைப் பொறுத்தது' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். நேர்மையானவர்கள் தேதியோடு சொல்வார்கள். சுறா வராவிட்டால் பணம் திரும்புமா, இன்னொரு நாள் வரச் சொல்லிச் சீட்டு கொடுப்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மறுநாள் விமானம் ஏறுகிறவனுக்கு அந்தச் சீட்டு வெறும் காகிதம்.

மாற்று இடமாகப் பலரும் சொல்வது கிழக்கே இருக்கும் மோசல் பே. அங்கேயும் 2022ல் ஓர்காக்கள் வெள்ளைச் சுறாவைக் கொன்றதை டிரோன் படம் பிடித்தது. 2023ல் ஸ்டார்போர்ட் தன்னந்தனியாக, இரண்டே நிமிடத்துக்குள், 2.5 மீட்டர் நீள இளம் சுறாவை முடித்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் லிங்கன் ஊரிலிருந்து போகும் நெப்டியூன் தீவுகள் இன்னொரு வழி. பெரிய பெண் சுறாக்கள் வேண்டுமென்றால் அங்கே குளிர்காலம், அதாவது நமக்குக் கோடை தாண்டிய மாதங்கள். மெக்சிகோவின் குவாடலூப் தீவைப் பரிந்துரைக்கும் பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். 2023 ஜனவரியிலேயே அங்கே இந்தச் சுற்றுலாவை நிறுத்திவிட்டார்கள்.

எங்கே போனாலும் ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்காதீர்கள். காற்று திரும்பினால் படகு கிளம்பாது. மூன்று நாள் கையில் இருக்கட்டும். அதில் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள்.

வாந்தி வந்த பிறகு மாத்திரை

ஓடும்போது படகு அவ்வளவு ஆட்டாது. நங்கூரம் போட்டு நின்ற பிறகுதான் குடலைப் புரட்டும். மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். கூடவே சுறாவை இழுக்க மீன் எண்ணெயும் மீன் கூழும் கரைத்துக் கடலில் ஊற்றுவார்கள், அந்த நாற்றம் வேறு.

வெறும் வயிறு

வேண்டாம். நிறைந்த வயிறும் வேண்டாம்.

கால்களை மறப்பது

குளிர் தாங்கப் போடும் தடித்த ரப்பர் உடையான வெட்சூட் மிதக்கும். எடைப் பட்டையை வாங்கி மாட்டாமல் இறங்கினால், கையால் கம்பியைப் பிடித்து உடம்பை அமுக்கும்போது கால் இரண்டும் பின்னால் எழும்பிக் கூண்டின் இடைவெளி வழியே வெளியே போய்விடும். நமக்கே தெரியாது, பார்வை முழுக்க முன்னால்தானே இருக்கும்? உள்ளே அடியில் இருக்கும் கம்பிக்குக் கீழே பாதத்தைச் செருகிக்கொள்ளுங்கள்.

செல்ஃபி குச்சி

படகிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இரையையே பார்த்துக்கொண்டிருப்பது

கயிற்றில் கட்டிய மீன் தலை மேலே மிதக்கும். புதியவர்கள் எல்லாரும் அதையே வெறித்துக்கொண்டு நிற்பார்கள். சுறா அங்கிருந்து வராது. அதன் முதுகு கருஞ்சாம்பல். மேலிருந்து பார்த்தால் இருண்ட அடித்தளத்தோடு கலந்துவிடும். பச்சைத் தண்ணீரில் நான்கைந்து மீட்டருக்கு மேல் தெரியாத நாள்களில், அது கூண்டுக்கு அருகே வந்த பிறகுதான் அங்கே இருந்ததே புரியும்.

'டவுன்!' என்று மேலிருந்து கத்தியதும் மூச்சை அடக்கி முங்கி, கீழே பாருங்கள். மோசல் பேயில் எனக்கு முதன்முதலில் கிடைத்தது அப்படித்தான். கால் விரலுக்குக் கீழே ஒரு நிழல் தடித்தது. பிறகு மூக்கு, அதில் மிளகைத் தூவிய மாதிரி கரும்புள்ளிகள், இரையின் மின்துடிப்பை உணரும் துளைகள். கண் கருப்பென்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கை தூரத்தில் அது கடந்துபோனபோது பார்த்தேன், அடர்ந்த நீலம்.