டேட்டா பைப்லைனில் புதுக் கருவியைச் சேர்க்கும் முன்

டேட்டாவைத் திரட்டி, மாற்றி, சேமிக்கும் தொடர் வேலைகள்தான் டேட்டா பைப்லைன். பல சர்வர்களில் டேட்டாவைப் பிரித்து அலசும் ஹடூப் 2006-ல் வந்த காலத்தில், டேட்டா பெருத்தால் சர்வர்களை வரிசையாக அடுக்குவதே வழி. இன்று 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பிலேயே டக்டிபி என்ற டேட்டாபேஸ் சில பத்து ஜிபி ஃபைல்களை அலசிவிடுகிறது. ரேம் போதாவிட்டால் டிஸ்கில் இறக்கி வைத்துக்கொண்டு வேலையை முடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஜிபி வரும் இடத்தில் பல சர்வர்களில் சேர்ந்து ஓடும் ஸ்பார்க் கிளஸ்டர் பெரும்பாலும் வீண் செலவு.

முதலில் இரண்டு வாரம், ஒவ்வொரு ஜாபும் (பைப்லைனில் தானாக ஓடும் வேலை) எத்தனை நிமிடம் ஓடியது, எதனால் நின்றது என்று குறித்து வையுங்கள். டேட்டா அனுப்புகிறவர் சொல்லாமல் ஃபீல்டு பெயரை மாற்றியதால் நின்றிருந்தால், எந்தக் கருவி வந்தாலும் அது நிற்கத்தான் செய்யும். மெதுவாக ஓடுவதுதான் தொல்லை என்றால், சிஎஸ்வியை (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) பார்க்கே ஃபைலாக மாற்றிப் பாருங்கள். அது ஃபீல்டு வாரியாகச் சேமிப்பதால், 40 ஃபீல்டில் 3 கேட்டால் அந்த மூன்றைத்தான் படிக்கும். பல இடங்களில் இதோடு வேலை முடிந்துவிடும்.

அப்படியும் தீரவில்லையா? ஒரே ஒரு ஜாபை எடுத்து, பழையதையும் புதியதையும் மாதக் கடைசி உட்பட நான்கு வாரம் சேர்த்து ஓட்டுங்கள். மாத மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வரிசை எண்ணிக்கை, தொகை இரண்டையும் நாள்வாரியாக ஒப்பிட வேண்டும்.

கோயம்பேடு மொத்தக் கடையின் பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே வியாபாரம் விடியலுக்கு முன்பே சூடுபிடித்துவிடும். 5-ஆம் தேதி அதிகாலை 3:40-க்குப் போட்ட பில், யூடிசி (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) கணக்கில் 4-ஆம் தேதி இரவு 10:10. சென்னை நேரத்தில் ஓடிய பழைய ஸ்கிரிப்ட் அதை 5-ல் சேர்க்கும். ஜாப்களை நேரம் பார்த்து ஓட்டும் ஏர்ஃப்ளோ இயல்பாகவே யூடிசியில் ஓடும். அதை அப்படியே விட்டால் பில் 4-க்குப் போய்விடும். நேரத்தை யூடிசியில் சேமித்தாலும், ஆசியா/கொல்கத்தா (இந்திய) நேரத்துக்கு மாற்றிய பிறகே தேதியைப் பிரித்தெடுங்கள்.

அதே பில்லில் தக்காளியின் எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான பொருள் குறியீடு) 0702. டேட்டா வகையைத் தானே ஊகிக்கும் ரீடர் அதை 702 ஆக்கிவிடும். பிறகு அந்த 702-ஐ டெக்ஸ்டாக்கி, 0702 என்றே வைத்திருக்கும் மாஸ்டர் டேபிளோடு (பொருள்களின் மூலப் பட்டியல்) இன்னர் ஜாயின் (இரண்டிலும் பொருந்தும் வரிசைகளை மட்டும் எடுப்பது) போட்டால், தக்காளி வரிசைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். எரர் வராது, அதுதான் ஆபத்து. எச்எஸ்என், பின்கோடு, போன் எண் எல்லாம் டெக்ஸ்ட் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ரூபாய்க்கு, பைசாவைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வேண்டாம், துல்லியமாக வைக்கும் டெசிமல் போடுங்கள்.

பிறகு, ஏதாவது ஒரு நாளுக்கான புதிய ஜாபை வேண்டுமென்றே இரண்டு முறை ஓட்டுங்கள். வரிசைகள் இரட்டித்தால், அந்த நாளின் பார்ட்டிஷனை (டேபிளில் அந்த நாளுக்கான பகுதி) அழித்துவிட்டு எழுதும்படி மாற்றுங்கள். அதுவரை பழைய ஜாபை நிறுத்தாதீர்கள்.