கெரிஸ் பாக்குறப்போ நிறைய பேர் ஏமாறுற இடங்கள்

கெரிஸ்ங்குறது மலாய், ஜாவா பக்கத்து குத்துவாள். கெரிஸ்னாலே பாம்பு மாதிரி நெளிஞ்சிருக்கணும்னு நினைச்சு, நேரா இருக்குற கத்திய டூப்ளிகேட்னு ஒதுக்கிடுறாங்க, அங்கயே தப்பு ஆரம்பிக்குது. மலாய் தீபகற்பத்துல நேர் கெரிஸ் எவ்வளவோ உண்டு. வளைவ லோக்னு சொல்வாங்க, மரபுப்படி 3, 5, 7, 9னு ஒத்தப்படையிலதான் வரும். உங்களுக்கு 8 வந்தா பெரும்பாலும் எண்ணுனதுதான் கோளாறு. அடியில இருந்து நுனி வரைக்கும் ரெண்டு பக்கத்து உட்குழிவையும் மாத்தி மாத்தி எண்ணணும், பிடிகிட்ட இருக்குற முதல் வளைவு ரொம்ப லேசா இருக்கும், அதத்தான் விட்டுடுவாங்க.

அடுத்தது பாமோர். இது கத்தியோட வடிவம் இல்ல, மேல தெரியுற கோலம். சாதா இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி அடிச்சு, அப்புறம் ஆர்சனிக்கும் எலுமிச்ச சாறும் போட்டா இரும்பு கறுக்கும், நிக்கல் அடுக்கு வெள்ளியா நிக்கும். போலியில ஆசிட் வெச்சு மேலாப்புல வரைஞ்சிருப்பாங்க, கோடெல்லாம் ஒரே தடிமன், ரெண்டு பக்கமும் அச்சடிச்ச மாதிரி இருக்கும். டார்ச்ச சாய்ச்சு அடிச்சு ஓரத்த லென்ஸ்ல பாருங்க, அசல்ல அடுக்கு விளிம்பு வரைக்கும் ஓடும். அதுக்காக கோலம் மங்கலா இருந்தா போலினு முடிவு கட்டாதீங்க, தீபகற்பத்து கத்திகள்ல ஜாவா அளவுக்கு பளிச்சுனு தெரியாது. பளபளக்கட்டும்னு உப்புத்தாள் போட்டு தேய்க்குறவங்கள என்ன சொல்ல!

பிடிய வெச்சு கத்தியோட ஊரையும் வயசையும் சொல்றதும் ஆபத்து, ஏன்னா பிடிய மாத்துறது சர்வ சாதாரணம். மீன்கொத்தி மூக்கு மாதிரி நீண்டிருக்குற தாஜோங் பிடி மலேசியாவுல இருக்குற கிளந்தான், தெற்கு தாய்லாந்துல இருக்குற பட்டானி பக்கத்துது, ஆனா அதுல செருகியிருக்குற கத்தி வேற எங்க இருந்து வேணா வந்திருக்கலாம். வெள்ளையா இருந்தா யானை தந்தம்னு விலை சொல்வாங்க. தந்தத்த குறுக்கா வெட்டுன முகத்துல கோடுங்க ஒண்ண ஒண்ணு வெட்டி வலை மாதிரி போகும், எலும்புல குட்டி குட்டி புள்ளி, பிளாஸ்டிக்ல ஸ்கேல் வெச்சு போட்ட மாதிரி இணைகோடு. சூடான ஊசி வெச்சு டெஸ்ட் பண்றேன்னு பழைய பிடியில ஓட்ட போட்டுடாதீங்க. அசல் தந்தம்னா இன்னொரு தலவலி, 1990ல இருந்து சர்வதேச வியாபாரத்துக்கு தடை, பார்டர் தாண்டி கொண்டு போனா மாட்டிக்குவீங்க. மரப்பிடில கெமுனிங்தான் ஒசத்தி, மஞ்சளா இருக்கும், நம்ம கறிவேப்பில குடும்பத்து மரம்.

பிடிய கழட்டி பாக்கணும்னு தோணுனா முரட்டுத்தனமா திருகாதீங்க. உள்ள போற கம்பி துருப்பிடிச்சிருந்தா படக்குனு முறிஞ்சிடும்.