டயலரில் ‘ஹலோ… ஹலோ…’ தாமதம்: எங்கே தேடுவது?

கீழக்கரையில் எட்டு சீட் உள்ள ஒரு கால் சென்டருக்கு சிஸ்டம் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, கஸ்டமர் ரெண்டு மூணு தடவை ஹலோ சொல்லிட்டு வச்சிடுறாங்க.” உடனே எல்லோரும் நெட்டைத் திட்டுவார்கள். நான் நெட்டைக் கடைசியில்தான் பார்ப்பேன். டயலர் என்றால், லிஸ்டில் உள்ள நம்பர்களுக்குத் தானே அடித்து, எடுத்தவரை ஏஜெண்ட்டோடு இணைக்கும் மென்பொருள். விசிடயல் போல, ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளில் ஓடும் டயலர் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: உங்கள் மொபைலுக்கே அடிக்க விடுங்கள்

உங்கள் நம்பரை லிஸ்டில் ஏற்றுங்கள். கால் வந்ததும் எடுத்து, ஒரே ஒரு ஹலோ சொல்லிவிட்டு, ஏஜெண்ட் குரல் வரும்வரை நொடியை எண்ணுங்கள். இப்படிப் பத்து கால். எல்லாவற்றிலும் ஒரே அளவு தாமதமா, செட்டிங்கைப் பாருங்கள் (படி 2). ஒன்றில் உடனே, அடுத்ததில் நாலு நொடியா, அந்த நேரம் சும்மா இருக்கும் ஏஜெண்ட் கிடைக்கவில்லை என்று அர்த்தம் (படி 3). குரல் விட்டு விட்டுக் கேட்டால்தான் நெட்வொர்க் (படி 4). ரிங் போகும் முன் ஆகிற நேரத்தை விட்டுவிடுங்கள், கஸ்டமருக்கு அது தெரியவே தெரியாது.

படி 2: ஏஎம்டி

ஆன்சரிங் மெஷின் டிடெக்‌ஷன். எடுத்தது ஆளா, பதிவுசெய்த குரலா என்று ஒட்டுக்கேட்டு முடிவு செய்யும் பகுதி. ஆஸ்டெரிஸ்க்கின் மாதிரி செட்டிங் கோப்பில் ஆரம்ப மௌனத்துக்கு 2500 மில்லிநொடி, முதல் பேச்சுக்கு 1500, அது முடிந்தபின் மௌனத்துக்கு 800 என்று இருக்கும். ஹலோ சொல்லிவிட்டு 800 மில்லிநொடி சும்மா இருந்தால்தான் ‘ஆள்’ என்று ஒப்புக்கொள்ளும். எவ்வளவு நல்ல லைன் போட்டாலும் இந்த முக்கால் நொடி போயே தீரும்.

நம் கரையில் இதற்கு மேலும் ஒரு கூத்து உண்டு. பாம்பன் ஜெட்டியில் நின்று ஒருவர் போனை எடுக்கிறார், பின்னால் விசைப்படகு இன்ஜின், காற்று. மௌனமே கிடைக்காததால் மொத்த இரைச்சலையும் நீளமான பேச்சு என்று எண்ணி, 1500 தாண்டியதும் ‘மெஷின்’ என்று முத்திரை குத்திவிடும். ஒருநாள் அப்படி விழுந்த நம்பர்களைக் கையால் அடித்துப் பார்த்தேன். எடுத்ததெல்லாம் ஆட்கள். ஒருவர் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார், “எடுத்தா கட் ஆகுது, என்னதான்யா வேணும்?” என்று நன்றாகக் கேட்டார்.

நம்மூரில் வாய்ஸ்மெயில் வைத்திருப்பவர் அபூர்வம். அதனால் ஏஎம்டியை அணைத்துவிடச் சொல்வேன். விசிடயலின் வழக்கமான நிறுவலில், கேம்பெய்ன் பக்கத்தில் ரூட்டிங் எக்ஸ்டென்ஷன் (எடுத்த காலை எந்த வழியில் அனுப்புவது என்று சொல்லும் எண்) 8369 என்றிருந்தால் ஏஎம்டி ஓடுகிறது. 8368 என்று மாற்றிச் சேமியுங்கள்.

படி 3: டயல் லெவல்

ஒரு ஏஜெண்ட்டுக்கு எத்தனை லைன் அடிப்பது என்பதுதான் டயல் லெவல். எட்டு ஏஜெண்ட், லெவல் 3 என்றால் 24 லைன் அடிக்கும். ஒன்பது பேர் ஒன்றாக எடுத்துவிட்டால் ஒருவர் காத்துக்கிடக்க வேண்டியதுதான். லெவல் 1-இல் தொடங்கி, டிராப் சதவீதத்தை (எடுத்தும் ஏஜெண்ட் கிடைக்காமல் போன கால்களின் அளவு) பார்த்துக்கொண்டே 0.2 வீதம் ஏற்றுங்கள். எத்தனை பேர் எடுப்பார்கள் என்று டயலரே கணித்து அடிக்கும் பிரெடிக்டிவ் கணக்கெல்லாம் பெரிய இடத்துக்குத்தான், எட்டு சீட்டில் அது வெறும் குருட்டடி. இலக்கு வேண்டுமென்றால் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் விதியை வைத்துக்கொள்ளலாம்: எடுத்தவர் ஹலோ சொல்லி முடித்த 2 நொடிக்குள் ஏஜெண்ட் வராவிட்டால் அதைக் கைவிட்ட கால் என்று எண்ணுகிறார்கள்.

படி 4: வயர்

நெட் பிளானை ஏற்றாதீர்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) ஒரு காலுக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ்தான் ஆகும். எட்டு கால் சேர்ந்தும் 1 எம்பிபிஎஸ் வராது. ஏஜெண்ட்டுகளுக்கு வைஃபை வேண்டாம். ரூட்டரில் சிப் ஏஎல்ஜி (நெட் வழிக் கால்களின் தகவலை ரூட்டரே திருத்தும் வசதி) இருந்தால் அணையுங்கள்.

பிறகு ஒவ்வொரு கணினியிலிருந்தும் ரூட்டருக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று அளக்கும் சோதனை) போடுங்கள். வயரில் 1 மில்லிநொடி அளவில் நிற்க வேண்டும். எங்களுக்கு ஜன்னலோர சீட்டில் மட்டும் 1, 1, 40, டைம் அவுட் என்று குதித்தது. வயரின் ஆர்ஜே 45 முனையை உருவி டார்ச் அடித்தால், உப்புக்காற்று பட்டுப் பட்டுப் பின்கள் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. இரண்டு விரல் நீளம் வெட்டியெறிந்து புது முனை கிரிம்ப் செய்தேன். பிங் 1-இல் நின்றது. ஜன்னலையும் சாத்தச் சொன்னேன். அந்த சீட்டில் இருக்கும் தங்கச்சி கேட்கவில்லை.