அப்டேட் நின்றுபோனால் அவசரப்பட்டுச் செய்யக்கூடாதவை

அப்டேட் முக்கால்வாசி ஓடிவிட்டு நிற்கும். "ஏதோ தவறு நேர்ந்தது, பிறகு முயலவும்" என்று திரையில் ஒரு வரி வரும். என்ன தவறு, எதனால், இப்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சொல்கூட இருக்காது. கோபம் வருவது நியாயம்தான். கோடிக்கணக்கானவர்கள் படிக்கப்போகும் ஒரு வரியை இவ்வளவு அலட்சியமாக எழுதியவர்கள் மேல்தான் முதல் குற்றம். ஆனால் அந்தக் கோபத்தோடு அடுத்த சில நிமிடங்களில் நாம் கைவைக்கிற இடங்களால்தான் சின்னக் கோளாறு பெரிதாகிவிடுகிறது.

பலரும் முதலில் செய்வது, செய்தியை முழுதாகப் படிக்காமல் "சரி"யை அழுத்தி மூடிவிடுவது. மூடிய பிறகு அது திரும்ப வராமலே போகலாம். அதற்கு முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கணினி உறைந்துபோயிருந்தால் போனில் படம் பிடியுங்கள். புரியாத அந்த எண்தான் செய்தியில் இருக்கும் உருப்படியான தகவல். விண்டோஸில் முன்னால் வரும் பூஜ்யத்தையும் எக்ஸையும் விட்டுவிட்டால், நிறைய பிழை எண்கள் 8007 என்று தொடங்கும். அதற்குப் பின் உள்ள நான்கு இலக்கங்கள் பதினாறை அடிப்படையாகக் கொண்ட ஹெக்ஸாடெசிமல் முறையில் எழுதப்பட்டவை. அவற்றைச் சாதாரண எண்ணாக மாற்றினால் விண்டோஸின் பழைய பிழைப் பட்டியலில் அது எத்தனையாவது எண் என்று தெரிந்துவிடும். 80070070 என்றால் 112: டிஸ்கில் இடமில்லை. 80070005 என்றால் 5: அனுமதி மறுக்கப்பட்டது. "இடம் போதவில்லை" என்று இரண்டே சொல்லில் முடிகிற விஷயத்துக்கு நம்மை இவ்வளவு சுற்றவிடுகிறார்கள்.

எண் கிடைத்துவிட்டது என்று அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட் பலருடைய கணினியில் 80070643 என்ற எண்ணோடு தோற்றது. பட்டியலில் அது 1603, அதாவது "நிறுவும்போது தோல்வி". தோற்றுவிட்டது என்பதைத்தான் நாமே பார்த்துக்கொண்டிருக்கிறோமே! உண்மையான காரணம் வேறு. கணினி பழுதானால் மீட்க உதவும் ரெகவரி பார்ட்டிஷன் என்று டிஸ்கில் தனியாக ஒரு சிறு பகுதி உண்டு. அதில் 250 எம்பி காலி இடம் தேவைப்பட்டது. சி டிரைவில் எவ்வளவு இடம் கிடந்தாலும் பயனில்லை. இடப் பற்றாக்குறை என்று வரவேண்டிய செய்திக்குப் பதிலாக வேறு எண் வந்துவிடுகிறது என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. இது தெரியாமல் படங்களையும் வீடியோக்களையும் அழித்து சி டிரைவைக் காலி செய்தவருக்கு ஒன்றும் மாறியிருக்காது. அதனால் பிழை எண்ணை மட்டும் தேடாமல் அப்டேட்டின் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். தயாரித்த நிறுவனமே "தெரிந்த சிக்கல்கள்" என்று ஒரு பக்கம் வைத்திருக்கும். முதலில் அங்கே பாருங்கள். சிக்கல் அவர்கள் பக்கம் என்றால் உங்கள் கணினியை நோண்ட வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த தவறு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்துபார்ப்பது. ஆன்டிவைரஸை நிறுத்தி, விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி, எங்கோ படித்த நான்கு கட்டளைகளையும் ஓட்டிவிட்டால், எது சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒன்றைச் செய்யுங்கள், பாருங்கள், பலன் இல்லையென்றால் பழையபடி மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ரீஸ்டார்ட், காலி இடம், தேதி ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்பது நல்லது. தேதியா என்று கேட்கலாம். பாதுகாப்பான இணைப்புக்குச் சர்வர் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினி, பிளக்கைப் பிடுங்கிச் செருகியதும் பல வருடம் பின்னால் போய்விடும். அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை; உடனே இணைப்பை மறுத்துவிடும். திரையில் வருவதோ "நெட்வொர்க் பிழை". நீங்கள் ரவுட்டரைப் போட்டுப் பாடாய்ப்படுத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் அப்டேட்டைப் பவர் பட்டனை அழுத்தி நிறுத்துவதும் வேண்டாம். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், சில போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. புதியது ஒன்றில் எழுதப்படும்போது பழையது மற்றொன்றில் அப்படியே இருக்கும். தோற்றால் பழையதிலேயே போன் எழுந்துவிடும். எல்லாச் சாதனத்திலும் இந்த வசதி இல்லை. கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் பாதியில் நின்றால் கணினி எழாமலே போகலாம்.

ஒரு ஆப் அடம்பிடித்தால் செட்டிங்ஸில் "கேச்சை அழி", "சேமிப்பிடத்தை அழி" என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவது தற்காலிகக் கோப்புகளைத்தான் நீக்கும். இரண்டாவது உங்கள் லாகினையும், அந்த ஆப் போனிலேயே வைத்திருந்த தரவுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஓடிபி எண்களை உருவாக்கித்தரும் ஆப்பில் பேக்கப் இல்லாமல் இதைச் செய்தால் மற்ற கணக்குகளுக்குள்ளும் நுழைய முடியாமல் போகலாம். ஃபேக்டரி ரீசெட்டும் அப்படித்தான். பேக்கப் இல்லாதவர் அந்தப் பக்கமே போகக்கூடாது.

மென்பொருள்கள் ஓடத் தேவைப்படும் துணைக் கோப்பான டிஎல்எல் காணவில்லை என்று வந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி ஒட்டுவது ஆபத்து. அது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று பார்த்து, தொகுப்பையே தயாரிப்பாளரிடமிருந்து இறக்கி நிறுவுங்கள். பிழைச் செய்தியில் போன் நம்பர் இருந்தால் அது மோசடி. தங்கள் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

வெறுத்துப்போய் அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவைப்பவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்து, சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இருந்தும் மறுபக்கம் இன்னும் மோசம். 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல், மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அடைத்துவிட்ட ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய வசதிகளோடு வரும் பெரிய பதிப்பு மட்டும் சில வாரம் காத்திருக்கட்டும். அதிலும் அவசர வேலைக்கு முந்தைய இரவு கை வைக்கவே வேண்டாம். விண்டோஸிலேயே ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது; ஆனால் அது பாதுகாப்பு அப்டேட்டையும் சேர்த்தே நிறுத்திவிடும்.

கடைசியில் உதவி கேட்கும்போது "அப்டேட் ஆகமாட்டேங்குது" என்று மட்டும் எழுதினால் பதிலும் "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்றுதான் வரும். சாதனம், பதிப்பு எண், பிழை எண், அதற்குச் சற்று முன் என்ன செய்தீர்கள், இதுவரை எவற்றை முயன்றீர்கள் என்பதை வரிசையாக எழுதுங்கள். முதலில் எடுத்துவைத்த ஸ்க்ரீன்ஷாட்டையும் இணைத்துவிடுங்கள். அதில் மின்னஞ்சல் முகவரியோ கணக்கு விவரமோ தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.