மலையகத்துப் பட்டறையில் கைக்கோடரி செய்தலும் விற்றலும்

கைக்கோடரி வாங்க வருபவர் முதலில் தடவிப் பார்ப்பது அதன் வாயைத்தான். ஆனால் அந்தக் கோடரியை நம்பிக் கையில் எடுக்கலாமா என்பதைத் தீர்மானிப்பவை பிடி நுழையும் துளையும், சூடாக்கிக் குளிர்வித்து வாய்க்கு ஏற்றிய பதமுமே. புதிதாகத் தொழிலில் இறங்குபவர் இவ்விரண்டிலும் அவசரப்படக் கூடாது.

உடலுக்கு மெல்லிரும்புப் பட்டையும், வாய்க்குப் பழைய லொறியின் ஸ்பிரிங் பட்டையும் போதும். ஸ்பிரிங் உருக்கில் பெரும்பாலும் 0.6 சதவீதமளவு கரிமம் இருப்பதால் அது நன்கு கடினமாகும். எனினும் பல ஆண்டுகள் பாரம் சுமந்த பட்டையில் மயிரிழை வெடிப்புகள் மறைந்திருக்கக்கூடும்; துருவைத் தேய்த்து நீக்கிப் பார்த்த பின்னரே வெட்டுங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பை எக்காரணம் கொண்டும் உலையில் இடாதீர்கள், அதன் புகை நஞ்சு.

உலைக்குச் சிரட்டைக் கரி சிறந்தது. மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பிலுள்ள சமனலவெவயில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே இரும்பு உருக்கப்பட்டதை தொல்லியலாளர் கில் ஜூலெஃப் 1996இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. காற்றுக்கு அவ்வளவு வலிமை உண்டு என்பதால், உலைக்குக் காற்றூட்டும் ஊதியின் குழாயில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் அடைப்பைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

சுமார் 30 சென்ரிமீற்றர் நீளமும் 4 சென்ரிமீற்றர் அகலமும் 8 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள மெல்லிரும்புப் பட்டையைச் செஞ்சூட்டில், பிடியின் வடிவிலேயே செய்த இரும்பு முளையைச் சுற்றி மடித்தால் துளை அமைந்துவிடும். மடித்த பட்டையின் இரு நாக்குகளுக்கும் இடையே ஸ்பிரிங் துண்டைச் செருகி, ஒட்டுக்கு உதவும் வெண்காரம் தூவி, மேற்பரப்பு உருகிய நெய்போல மினுங்கும்வரை சூடேற்றுங்கள். பொறி பறக்கத் தொடங்கினால் உருக்கு எரிகிறது என்று பொருள். துளையின் பக்கத்திலிருந்து வாயை நோக்கி அடித்துச் சென்றால் கசடு வெளியேறும். எதிர்த்திசையில் அடித்தால் அது உள்ளே சிக்கி, என்றோ ஒருநாள் விறகு பிளக்கையில் ஒட்டு விட்டுப்போகும்.

வடிவம் வந்தபின் மூன்று முறை செஞ்சூடேற்றித் தானாக ஆறவிடுங்கள். பின்னர் வாய்ப்புறத்தைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே கொண்டுசென்று, விளிம்பிலிருந்து 3 சென்ரிமீற்றர் அளவை மட்டும் எண்ணெயில் அமிழ்த்துங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியாவின் காலைக் குளிரில் அது கட்டியாகவே இருக்கும் என்பதால், 50 பாகை வரை சூடாக்கிக்கொள்வது அவசியம். அரம் வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது. ஆனால் இந்நிலையில் வாய் கண்ணாடிபோல் நொறுங்கும். வாயை மினுங்கத் தேய்த்து, துளைப்புறத்திலிருந்து மெல்லச் சூடேற்றினால் வைக்கோல் நிறம் விளிம்பை நோக்கி ஓடிவரும். அது கபிலமாகி ஊதா தொடங்கும் கணத்தில் நீரில் இட்டு நிறுத்துங்கள். நீலம் வரவிட்டால் கூர் நிலைக்காது.

பிடிக்குக் கொய்யாக் கம்பை நான் விரும்புகிறேன். தேயிலை மலைகளின் நிழல் மரமான கிரவீலியா எளிதில் கிடைத்தாலும் கோடரியின் அதிர்ச்சிக்கு ஏற்றதன்று. மர இழை பிடியின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். என் தொடக்க காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய ஒரு கோடரி, இரண்டு மாதத்தில் தலை ஆடுகிறது என்று திரும்பி வந்தது. இங்குள்ள ஈரத்தில் இறுகப் பொருத்திய மரம் அங்குள்ள வெயிலில் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து பிடிக் கம்புகளை லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அடுப்புக்கு மேலுள்ள பரணில் பல மாதங்கள் உலர்த்திய பின்னரே சீவுகிறேன்.

வட அமெரிக்கப் பழங்குடியினரின் டொமஹாக் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. அதன் பிடி மேல்முனையில் தடித்திருக்கும். தலையைக் கீழ்முனையிலிருந்து மேலேற்றி இறுக்குவதால் ஆப்புத் தேவையில்லை. எந்த வகையானாலும் தலை மிகப் பாரமாகாமலும் பிடி 45 சென்ரிமீற்றர் அளவிலும் இருந்தால் கைக்கு இசையும்.

விற்பனைக்கு, பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விலையில் இரும்பையும் கரியையும் மட்டுமன்றி, உங்கள் உழைப்பு நேரத்தையும் ஒட்டு விட்டுக் கழிந்த தலைகளையும் சேர்க்க வேண்டும். எங்கள் தொழிலில் பலர் தங்கள் கூலியையே மறந்து விலை சொல்கிறார்கள் என்பது என்னை வருத்துகிறது. எல்லவுக்கு வரும் சுற்றுலாப் பயணியிடம், விமானத்தில் கோடரியைக் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது, ஒப்படைக்கும் பொதியிலேயே வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வாய்க்குத் தோலுறை தைத்து, எண்ணெய் பூசி, தலை தளர்ந்தால் அடித்து இறுக்க இன்னோர் ஆப்பையும் உடன் கொடுத்தனுப்புங்கள்.