கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று வரும் மடல்: யாழ்ப்பாணத்துச் சிறு நிறுவனங்களுக்கான மின்னஞ்சல், இணையப் பாதுகாப்பு வழிகாட்டி

சுன்னாகத்தில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பொதிசெய்து ரொறன்ரோவிற்கு அனுப்பும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொதியிடும் இயந்திரம் ஒன்றை வாங்குவதற்காக அதன் உரிமையாளர் கோயம்புத்தூரில் உள்ள ஓர் உற்பத்தியாளருடன் இரண்டு மாதங்களாக மின்னஞ்சலில் பேசி வருகிறார். விலை முடிவாகி, முற்பணமும் போய்ச் சேர்ந்துவிட்டது. மிகுதியை அனுப்பவேண்டிய வாரத்தில், அதே மடல் தொடரில், அதே ஆளின் கையொப்பத்தோடு, எங்கள் வங்கிக் கணக்கில் கணக்காய்வு நடைபெறுவதால் மிகுதித் தொகையை இந்தப் புதிய கணக்கிற்கு அனுப்புங்கள் என்று ஒரு மடல் வருகிறது. இயந்திரத்தின் மாதிரி இலக்கம் சரி, தொகை சதம் பிசகாமல் சரி, பழைய உரையாடல் முழுவதும் கீழே அப்படியே இருக்கிறது. உரிமையாளர் வங்கிக்குச் சென்று பணத்தை அனுப்பிவிடுகிறார். மூன்று வாரங்கள் கழித்து, மிகுதி இன்னும் வரவில்லையே என்று உண்மையான உற்பத்தியாளர் தொலைபேசியில் கேட்கும்போதுதான் நடந்தது தெரியவருகிறது.

இணையத் தாக்குதல் என்றால் கணினித் திரை கறுத்துப்போவது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இதை முதலில் சொல்லவேண்டும். இந்த மோசடியில் கணினி எதுவும் பழுதடைவதில்லை. இரு தரப்பில் ஒருவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல் முன்பே களவுபோயிருக்கிறது. களவெடுத்தவர் வாரக்கணக்கில் மடல்களை அமைதியாக வாசித்து, பணம் கைமாறும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார். வெளிநாட்டு உறவினர்களோடும் வாடிக்கையாளர்களோடும் மடல் வழியாகவே வியாபாரம் செய்யும் எங்கள் ஊர் நிறுவனங்களுக்கு இதுவே பெரிய ஆபத்து என்பது என் கருத்து. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

பணம் பற்றிய மடலை மடலால் உறுதிசெய்யாதீர்கள்

கணக்கு இலக்கம், வங்கி, பெறுநர் பெயர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மாறியதாக மடல் வந்தால், முன்பே உங்களிடம் இருந்த தொலைபேசி இலக்கத்திற்கு அழைத்துப் பேசுங்கள். வந்த மடலில் உள்ள இலக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதுவும் மோசடிக்காரருடையதாகவே இருக்கும். அதே மடலுக்குப் பதில் எழுதிக் கேட்பதில் பயனில்லை, ஏனெனில் அந்தப் பதிலை வாசிக்கப்போவது அவர்தான். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்பதும் போதாது, அந்தக் கணக்கும் பிறர் கைக்குப் போயிருக்கலாம். குரலைக் கேட்டு, இலக்கத்தை அவரே வாசிக்கும்படி கேட்கவேண்டும். "அண்ணை, குறை நினையாதேங்கோ, அந்தக் கணக்கு இலக்கத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இதன் மறுபக்கம் எங்கள் பழக்கவழக்கத்தோடு பிணைந்தது. இலண்டனில் இருக்கும் பணிப்பாளர் அனுப்பியதுபோல, கூட்டத்தில் இருக்கிறேன், அவசரம், இந்தத் தொகையை உடனே அனுப்பு என்று ஒரு மடல் கணக்குப் பகுதியில் இருக்கும் பிள்ளைக்கு வருகிறது. முதலாளியைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட அந்தப் பிள்ளை கேட்கமாட்டாள். எனவே முதலாளியே முன்கூட்டி, எல்லோர் முன்னிலையிலும், என் பெயரில் வரும் எந்தப் பண உத்தரவையும் எனக்கு அழைத்துக் கேட்காமல் நிறைவேற்றக் கூடாது, கேட்டால் நான் கோபிக்கமாட்டேன் என்று சொல்லிவைக்கவேண்டும். பிறகு கேட்கும்போது உண்மையாகவே கோபிக்காமலும் இருக்கவேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கொடுப்பனவுகளுக்கு இருவர் ஒப்புதல் கட்டாயம் என்று வங்கியிலும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

இப்போதே உங்கள் பெட்டியை ஒருமுறை சோதியுங்கள். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மேல் மூலையில் உள்ள பற்சக்கரக் குறி வழியாக முழு அமைப்புகளுக்குச் சென்று, மடல்களை வேறு முகவரிக்கு முன்னனுப்பும் பகுதியையும் வடிகட்டிகளின் பகுதியையும் பாருங்கள். நீங்கள் அறியாத முகவரி ஒன்றுக்குப் பிரதி போகிறதா, வங்கி அல்லது கொடுப்பனவு என்ற சொல் உள்ள மடல்கள் தாமாகவே குப்பைக்குப் போகின்றனவா என்று கவனியுங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்த விதிகள் அழிவதில்லை என்பதால், அவற்றைத் தனியாக நீக்கி, மற்றக் கருவிகள் அனைத்திலிருந்தும் கணக்கை வெளியேற்றவேண்டும். அவுட்லுக் பயன்படுத்துவோருக்கும் விதிகள் என்ற பகுதி இதேபோல் உண்டு.

எழுத்துப் பிழையை நம்பியிருந்த காலம் போய்விட்டது

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைக் களவெடுத்தவர்கள், 20 மில்லியன் டொலரை இலங்கையில் உள்ள ஓர் அமைப்பின் பெயருக்கும் அனுப்பினார்கள். அந்தப் பெயரில் இருந்த ஆங்கில எழுத்துப் பிழை ஒன்று இடைவழி வங்கியின் கண்ணில் பட்டதால் அத்தொகை தடுக்கப்பட்டது. பிலிப்பைன்சுக்குப் போன 81 மில்லியன் டொலரின் பெரும்பகுதி மீளவில்லை. அவ்வளவு பெரிய வங்கிக்குள் நுழைவதற்கு அவர்கள் பயன்படுத்திய வழி, வேலை கேட்டு அனுப்பப்பட்டதுபோன்ற மின்னஞ்சல்களே என்று அமெரிக்கப் புலனாய்வாளர்கள் பின்னர் குறிப்பிட்டார்கள். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற தமிழிலும் ஆங்கிலத்திலும் மடல் எழுதிக் கொடுக்கின்றன. மொழி திருத்தமாக இருக்கிறது என்பது நம்புவதற்குக் காரணம் ஆகாது.

பார்க்கவேண்டியது முகவரியை. காட்டப்படும் பெயரை எவரும் எப்படியும் இட்டுக்கொள்ளலாம். அதைத் தொட்டு உள்ளே இருக்கும் முழு முகவரியைப் பாருங்கள். எம் என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாக ஆர், என் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து இட்டால் சிறிய திரையில் வேறுபாடு தெரியாது. இணைப்புகளில், இரட்டைச் சாய்கோட்டிற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். அந்த ஒற்றைச் சாய்கோட்டை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் பெயரே அந்தத் தளத்தின் உரிமையாளரைக் காட்டும். அதற்கு முன்னால் உங்கள் வங்கியின் பெயர் எத்தனை முறை வந்தாலும் பொருளில்லை. பூட்டுக் குறி இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் தகவல் மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதை அது சொல்லாது.

விருந்தினர் விடுதி நடத்துவோருக்கு

நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் யாழ்ப்பாணத்து விடுதிகளுக்கு முன்பதிவு மடல்கள் குவியும். அவசரத்தில் திறக்கப்படும் மடலே ஆபத்தானது. புக்கிங் டொட் கொம் அனுப்பியதுபோல விருந்தினரின் முறைப்பாடு, கணக்குச் சரிபார்ப்பு என்ற பெயர்களில் விடுதி ஊழியர்களுக்கு மடல் அனுப்பும் ஒரு தாக்குதல் 2024 டிசம்பரில் தொடங்கியதையும், தெற்காசியாவும் அதன் இலக்காக இருந்ததையும் மைக்ரோசொப்ட் 2025 மார்ச்சில் வெளியிட்டது. இணைப்பைத் திறந்தால், நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள் என ஒரு பக்கம் தோன்றும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு ஒட்டுங்கள், பிறகு என்டர் அழுத்துங்கள் என்று அது படிப்படியாகச் சொல்லும். ஒட்டப்படுவது, அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் பிரதிசெய்து வைத்த ஒரு கட்டளை. அதை இயக்கியவுடன், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல் கணினிக்குள் இறங்கிவிடும். உங்களைக் கொண்டே செய்விப்பதால் சில பாதுகாப்பு மென்பொருள்கள் இதைத் தவறவிடுகின்றன. எந்த உண்மையான இணையத்தளமும் மனிதரா என்று அறிவதற்காக இந்த விசைகளை அழுத்தச் சொல்லாது. இதை வரவேற்பு மேசையில் இருப்பவருக்குச் செய்து காட்டியே விளக்குங்கள். முன்பதிவுத் தளத்திற்கு மடலில் உள்ள இணைப்பால் செல்லாமல், முகவரியைத் தாமே இட்டுச் செல்லும் பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள்.

கணக்குகளின் திறப்பு யாரிடம் இருக்கிறது?

இது நான் மிகுந்த கவலையோடு எழுதும் பகுதி. கடைக்கு ஜிமெயிலும் பேஸ்புக் பக்கமும் தொடங்கிக் கொடுத்த தம்பி இப்போது கனடாவில் இருப்பார்; மீட்பு இலக்கம் அவருடைய பழைய தொலைபேசி. இணையத்தள முகவரி அதை வடிவமைத்தவரின் பெயரிலேயே பதிவாகியிருக்கும். ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பயன்படுத்துவார்கள். அது பெரும்பாலும் கடையின் பெயரும் தொடங்கிய ஆண்டும்தான். ஒரு தாளை எடுத்து, மின்னஞ்சல், பேஸ்புக், வங்கி, இணையத்தளம், முகவரிப் பதிவு என ஒவ்வொரு கணக்கும் யார் பெயரில், எந்தத் தொலைபேசியில் இருக்கிறது என்று எழுதி, உரிமையாளரின் பெயருக்கு மாற்றுங்கள். ஊழியர் விலகும் அன்றே அவருடைய அனுமதியை நீக்குங்கள். அவர்மீது சந்தேகம் இல்லாவிட்டாலும், அவருடைய தொலைபேசி நாளை யார் கையில் இருக்கும் என்று எவருக்கும் தெரியாது.

அதன்பின் எல்லாவற்றிலும், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரு படி உறுதிப்படுத்தலை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை விட, தொலைபேசியில் உள்ள செயலி தரும் குறியீடு மேலானது. ஆனால் ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிடக் குறுஞ்செய்தி நல்லது. ஓ.டி.பி. எனப்படும் அந்தக் குறியீட்டை வங்கி ஊழியர் என்று சொல்லிக் கேட்பவருக்கும் சொல்லக் கூடாது.

சொந்த இணைய முகவரியில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள், அதைப் பராமரிப்பவரிடம் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளும் இருக்கின்றனவா என்று கேட்கவேண்டும். மின்னஞ்சல் பரிமாற்ற முறை 1982இல் வகுக்கப்பட்டபோது அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. இந்த மூன்றும் அந்தக் குறையை நிரப்பப் பின்னர் வந்தவை. சரியாக அமைக்கப்பட்டால், உங்கள் முகவரியிலிருந்து வருவதுபோல் பிறர் போலி மடல் அனுப்புவதை இவை பெருமளவு தடுக்கும்.

காப்புப் பிரதி

2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவை, கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன; அந்தக் காலத்திற்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அரசுக்கே நேர்ந்தது கடைக்கும் நேரலாம். கணக்குக் கோப்புகளின் பிரதியை ஒரு வெளி வன்தட்டில் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் வன்தட்டையும் அந்த மென்பொருள் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன என்பதையும், பூட்டு உடைத்த இலவச மென்பொருளோடு கள்ள நிரலும் சேர்ந்து வரக்கூடும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

நடந்துவிட்டால்

பணம் தவறான கணக்கிற்குப் போனதாகத் தெரிந்த அந்த நிமிடமே வங்கிக்கு அழைத்து, அனுப்பிய பணத்தைத் திருப்பியழைக்கும்படியும், பெற்ற வங்கிக்கு மோசடி என்று அறிவிக்கும்படியும் கேளுங்கள். முதல் சில மணித்தியாலங்களில் பணம் இன்னும் அங்கே இருக்கக்கூடும். வெட்கத்தால் ஒருநாள் மறைத்துவைப்பது மோசடிக்காரருக்கு ஒருநாள் கொடுப்பதாகும். மடல்களை அழிக்கவேண்டாம், அவையே சான்று. கணினி தாக்கப்பட்டதாகத் தெரிந்தால் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இத்தகைய ஊடுருவலைக் குற்றமாக்குவதால், பொலிசிலும் எழுத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வங்கிக்குக் கொடுங்கள். உங்கள் பெட்டி வழியாகவே கள்ளன் நுழைந்திருந்தால், அண்மையில் மடல் எழுதிய ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அடுத்த மடல் உங்கள் பெயரில் அவர்களுக்குப் போகும்.